குறுக்கே பிடித்த குச்சிகள்

தொடை இரண்டும் விண்ணென்று தெறித்தன. ஜிம்பாப்வே தங்கச் சுரங்கத்தில் தஃபாராவின் அப்பாவுக்கு இந்த வலி கூலியோடு வந்தது. மகன் காசு கொடுத்து வாங்கியிருந்தான். லெசோத்தோ நாட்டு மலைமேல், காலில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, காலையிலிருந்து பதினேழு தடவை விழுந்தாயிற்று.

கூட வேலை பார்க்கும் மொகெத்தேயும் புலெங்கும்தான் சனிக்கிழமை அவனை இழுத்து வந்தவர்கள். "மூணு வருஷமா எங்க ஊர்ல கணக்குச் சொல்லித் தர்றே, பனியில கால் வைக்காமலா போவே?" என்றாள் புலெங். குழந்தைகள் சறுக்கும் மேட்டோடு நின்றிருக்கலாம். வீம்புக்கு, ஆட்களை மேலே இழுத்துப்போகும் இயந்திரத்தின் இழுவைக் கயிற்றைப் பிடித்து உச்சிக்கு வந்துவிட்டான்.

கீழே பார்த்தான். சரிவு கிணறாக இறங்கியது. கால் முறிந்தால் மூன்று மாதம் படுக்கை. ஒப்பந்த வாத்தியாருக்கு அவ்வளவு விடுப்பு ஏது? வேலை போனால் நாட்டில் தங்கும் அனுமதியும் போகும். ஊரில் தங்கைகள் இரண்டு பேர் அவனை நம்பிப் படிக்கிறார்கள்.

பாதிச் சரிவில் நின்று மொகெத்தே கத்தினான். "வாடா ஜிம்பாப்வே! முட்டியை மடக்கு, அதுவா இறங்கிடும்!"

தஃபாரா கையிலிருந்த சறுக்குக் குச்சிகள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தான். தப்பு விடைக்குப் போடும் குறி. ஆசிரியர் அறையில் யாராவது உளறினால் விரல்களால் இப்படித்தான் காட்டுவார்கள். மொகெத்தே சிரித்துக்கொண்டே சறுக்கிப் போய்விட்டான்.

சற்று நேரத்தில் கயிறு நின்றது. யாரும் மேலே வரவில்லை. பிறகு மூடுபனி இறங்கியது. சரிவு மறைந்தது, தன் பாதமே மறைந்தது. கத்தினான். குரலைக் காற்று தின்றுவிட்டது. கட்டைகளைக் கழற்றி ஓர் அடி வைத்தான். பூட்ஸ் வழுக்கி, உடம்பு முழுக்கச் சரிந்து, கயிற்றுக் கம்பம் ஒன்றில் மோதி நின்றது. அதைக் கட்டிக்கொண்டான். விரல்கள் இருக்கிற உணர்வே போயிற்று.

"யாரு மேல? உயிரோட இருக்கியா?"

போர்வையை ஊக்குப் போட்டு மாட்டிய பெண், கையில் மண்வெட்டி. இழுவை இயந்திரத்தை ஓட்டும் மாலினெயோ.

"வாத்தியாரைக் காணோம்னு உன் ஆளுங்க கீழே தேடறாங்க. ரெண்டு குச்சியையும் குறுக்கே காட்டினது நீதானே? எங்க சைகையில அதுக்கு 'நான்தான் கடைசி, மிஷினை நிறுத்து'ன்னு அர்த்தம்."

"அது... என் சிநேகிதனுக்குக் காட்டினது, அம்மா. விளையாட்டுக்கு."

"நல்லா விளையாடினே, வாத்தியாரே. கம்பத்தை விடு."

"கை சொன்ன பேச்சு கேக்கல."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கைகளைத் தன் போர்வைக்குள் இழுத்துச் சூடேற்றினாள். பிறகு மண்வெட்டியால் பனியில் படி வெட்டினாள். அவள் வெட்ட வெட்ட அவன் கால் வைத்தான். ஒருமுறை வழுக்கி அவள்மேலேயே விழுந்தான். மண்வெட்டியைக் குத்தி அவனையும் தாங்கி உட்கார்ந்தாள்.

"கண்ணைத் தெற. மூடிக்கிட்டா மட்டும் பள்ளம் மேடாயிடுமா?"

கீழே சறுக்குமிடத்தின் மேற்பார்வையாளர் காத்திருந்தார். "ஆள் மேல இருக்கறப்ப எவ மிஷினை நிறுத்தினது?"

"சைகை வந்துச்சு, ஐயா. இவரையே கேளுங்க."

"நீங்க காட்டினீங்களா? பொய்ச் சைகைன்னா உங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதுவேன்."

கால் முறியாமல் வந்து சேர்ந்தவனுக்குப் பயம் மட்டும் இறங்கவில்லை. "இல்லை," என்றான்.

மாலினெயோ அவனைப் பார்த்தாள்.

"நாளையிலிருந்து வராதே," என்றார் மேற்பார்வையாளர் அவளிடம்.

காரில் புலெங் அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டாள். "அந்தம்மா ஏண்டா மிஷினை நிறுத்திச்சு?" என்று மொகெத்தே கேட்டான். "தெரியல" என்றான் தஃபாரா.

திங்கட்கிழமை இரண்டு காலில் நின்று பாடம் நடத்தினான். குச்சியைக் காட்டியது நான்தான் என்று அந்த மேற்பார்வையாளரிடம் சொல்வது, அவன் மாலினெயோவுக்குப் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.