முகம் மூடிய தாய்

"செத்துப்போனா ஜெயிலுக்கு யாரு போறது?" என்று கம்புன் அக்கா எங்கள் ஊர் விகாரை மண்டபத்தின் மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டார்.

கூட்டம் சாரசக் கொக்கைப் பற்றியது, கொன்றால் சிறை என்று சட்டம் காக்கும் பறவை. சாம்பல் உடம்பு, சிவந்த கழுத்து, நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம். தாய்லாந்தில் எங்கள் புரிராம் வயல்களில் ஒரு காலத்தில் எருமைகளுக்கு நடுவே நடமாடியது என்பார்கள். நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா தலைமுறையே முட்டையை அவித்துத் தின்று, குஞ்சைப் பிடித்து விற்று, அது கூடு கட்டிய சதுப்பையெல்லாம் வயலாக்கி முடித்துவிட்டது. இப்போது அரசாங்க நிலையம் ஒன்றில் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, எங்கள் நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அடுத்த தொகுதியை எங்கள் கரையில் விட வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்கள். ஊர் கைதூக்கிச் சம்மதம் சொன்னால்தான் நடக்கும்.

நிலையத்திலிருந்து வந்தவள் ராம்பை. இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள்தான், நெல் விதைத்து வளர்ந்தவள்தான். அதனால் அவளைத் திட்டவும் எங்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

"நத்தை மருந்து போடாம என் வயல்ல ஒரு நாத்து நிக்காது" என்றார் கம்புன் அக்கா. "உன் கொக்கு வந்து அந்த நத்தையைத் தின்னு என் வரப்புல செத்துக் கிடந்தா, போலீஸ் உன்னையா வந்து கேக்கும்? என்னைத்தான் கேக்கும். நான் கூப்பிட்டேனா அதை?"

"பெரியம்மா, மருந்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா..."

"நத்தையைக் குறைக்கச் சொல்லு, மருந்தை நான் குறைக்கிறேன்."

மண்டபம் சிரித்தது. அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் சவாத் எழுந்து, கொக்குப் படம் போட்ட அரிசிப் பைக்கு பாங்காக்கில் நல்ல விலை கிடைக்கிறதாம் என்றான். அப்படியானால் உன் இயந்திரத்தில் கொக்குப் படத்தை ஒட்டிக்கொள், யாராவது வாடகை கூடக் கொடுக்கிறார்களா பார்ப்போம் என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல் கொடுத்தாள். ஊர்த்தலைவர் வினித் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பிக்குகளின் மழைக்காலத் தவம் முடிந்ததும் கைதூக்கிக்கொள்ளலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார். எங்கள் ஊரில் எந்தச் சண்டைக்கும் முதல் மருந்து தள்ளிப்போடுவதுதான்.

கொக்கு தள்ளிப்போடவில்லை. களையெடுக்கும் பருவத்தில் ஒரு காலை, கம்புன் அக்காவின் வயலில் வந்து இறங்கியது.

அவர் வயலும் என் வயலும் ஒரே வரப்பில் சேர்கின்றன. நான் கை உழவு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் அந்தப் பறவையையும் கவனிக்க ஆரம்பித்தேன். இன்னும் முழுதாக வளராத குஞ்சு. கழுத்தில் சிவப்பு இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. காலில் பச்சை வளையம். மற்ற கொக்குகள் எதிர்க்கரைச் சேற்றில் மேய, இது மட்டும் அக்கா குனிந்தால் குனிந்து, நடந்தால் நடந்து, அவருக்குப் பின்னாலேயே போனது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் போல மெல்லிய சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது. பசித்த கோழிக்குஞ்சின் சத்தம்.

"அக்கா, மருமகன் வந்துட்டான் போல!" என்று சவாத் பாதையிலிருந்து கத்தினான்.

"உனக்கு வேணும்னா கூட்டிட்டுப் போ. என் பொண்ணு இதைவிட நெட்டையானவனைக் கேக்குறா."

அக்கா அதைத் துரத்தத்தான் பார்த்தார். கையை வீசினார், இரண்டு அடி பின்வாங்கி மறுபடி வந்தது. கடைசியில் நன்றாகக் கத்துவதற்காக முகத்துணியை இறக்கித் தாடைக்குக் கீழே விட்டார். அவ்வளவுதான். பறவை அவர் முகத்தைப் பார்த்தது, இறக்கையை விரித்தது, தண்ணீர் தெறிக்கப் பறந்தது. அக்கா துணியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்து பக்கத்தில் நின்றது.

"என் மூஞ்சி அவ்ளோ கேவலமாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"புதுசா ஒண்ணுமில்லையே அக்கா" என்றேன். ஒரு பிடி சேறு என் மேல் வந்து விழுந்தது.

இது வேடிக்கையாக இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் அரித்தது. ஒரு இயந்திரம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றால், அதற்குள் ஒரு காரணம் இருக்கும். துணி இறங்கினால் ஓடுகிறது, ஏறினால் வருகிறது. நான் ராம்பைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே வந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றி அவள் வரப்பில் கால் வைத்ததும், பறவை வெருண்டு வயலின் மறுகோடிக்கு ஓடியது. ராம்பை அப்படியே நின்றாள். முதலில் பறவையைப் பார்த்தாள், பிறகு கம்புன் அக்காவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

வெயிலுக்கு நாங்கள் எல்லோரும் உடுத்துவதைத்தான் அக்கா உடுத்தியிருந்தார்: முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்கு மட்டும் திறப்பு விட்ட தலைத்துணி, அதன்மேல் ஓலைத் தொப்பி. அவர் மகன் ராயோங் நகரில் கார் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கே கொடுக்கும் சாம்பல் நிறச் சீருடை பழசானதும் அம்மாவுக்கு அனுப்பிவிடுவான். அதே துணியில் தலைக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். வியர்வை துடைக்கக் கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

"ஐயோ" என்று ராம்பை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது இதுதான். முட்டையிலிருந்து வெளிவரும் கொக்குக்குஞ்சு, முதலில் தனக்குத் தீனி தருவது எதுவோ அதையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். மனிதன் கொடுத்தால் மனிதன் பின்னாலேயே வாழ்நாள் முழுக்கத் திரியும். இன்னொரு கொக்கைத் துணையாகக்கூடத் தேடாது. அதனால் நிலையத்தில் வளர்ப்பவர்கள் தலை முதல் கால் வரை சாம்பல் அங்கி போர்த்திக்கொள்வார்கள். முகம் தெரியக் கூடாது. கையில் சிவந்த கழுத்துள்ள கொக்குப் பொம்மைத் தலை. அதன் அலகால் புழுவை எடுத்து ஊட்டுவார்கள், சேற்றைக் குத்திக் காட்டுவார்கள், பின்னாலேயே நடக்க வைத்துத் தண்ணீருக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு வார்த்தை பேசக் கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த்தான். விடுவதற்கு முன்னால் இன்னொரு பாடம் உண்டு: மனிதன் ஆபத்து என்று கற்றுக்கொடுப்பது. அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள், தகரத்தைத் தட்டிக் கத்தித் துரத்துவார்கள்.

"யாரு வந்து துரத்துனாங்க?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்காரங்க. டீ-சர்ட் போட்டுக்கிட்டு வந்தாங்க."

"மூஞ்சி மூடாமலா?"

ஆமாம் என்று ராம்பை தலையாட்டினாள். "நான் பிறந்ததிலேருந்து வயல்ல திறந்த மூஞ்சியப் பாத்ததே இல்ல, அண்ணே. எங்கம்மாவை வயல்ல குரலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ஆனா அங்க ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் தோணல."

ஆக, அந்தப் பறவைக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்: முகம் தெரிந்தால் ஆபத்து, முகம் மூடியிருந்தால் அம்மா. அதைக் கொண்டுபோய், ஊரே முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்கிற வயல்களுக்கு நடுவே விட்டிருக்கிறார்கள். அதிலும் சாம்பல் உடம்பும் சிவப்புக் கழுத்துமாக எங்கள் கம்புன் அக்கா.

"இப்ப என்ன பண்ணுவ?" என்றார் அக்கா.

"புடிச்சுட்டுப் போயிருவோம், பெரியம்மா. ஆளைத் தேடி வர்ற பறவையை வெளிய விட முடியாது. இன்னிக்கு உங்ககிட்ட வருது. நாளைக்கு எவன்கிட்டயோ போய் நிக்கும். அவன் குழம்பு வெச்சிருவான். கூண்டுலதான் இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும்."

அக்கா வயலைத் திரும்பிப் பார்த்தார். மறுகோடியிலிருந்து பறவை ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தது. ராம்பையைக் கண்டு நிற்கும். அக்காவைக் கண்டு இன்னும் ஒரு அடி வைக்கும்.

"துரத்துனா போயிராதா?" என்றார் கடைசியில்.

"போகலாம். முகம் மூடினவங்களும் ஆபத்துன்னு அதுக்குப் புரியணும். புரியலன்னா கூண்டுதான்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த சவாத் உடனே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். நீல முகத்துணியை ஏற்றினான், எண்ணெய்த் தகரத்தைக் கட்டையால் தட்டினான், நாயை விரட்டுகிற மாதிரிக் கத்திக்கொண்டு ஓடினான். பறவை மிரண்டது, மிரண்டு நேராகக் கம்புன் அக்காவிடம் ஓடி, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அலகு அவர் தோளுக்கு மேலே தெரிந்தது.

சவாத் தகரத்தைக் கீழே வைத்தான்.

"நீங்கதான் பண்ணணும், பெரியம்மா" என்றாள் ராம்பை மெல்ல.

"நானே பண்ணணுமா?" அக்கா திரும்பாமலேயே கேட்டார். "இதை இங்க வர வேணாம்னு மொதல்ல கத்தினது நானு. அப்ப ஒருத்தரும் கேக்கல. இப்ப கத்து கத்துன்னு என்னையே தள்ளுறீங்க."

அன்றைக்கு அவர் செய்யவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கரையேறிப் போய்விட்டார். ராம்பை அடுத்த வாரம் வலையோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வாரத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் வயல் வாய்க்காலில் நத்தை மருந்தின் வெள்ளை நுரை இல்லை. அவர் வாளி ஒன்றை இழுத்துக்கொண்டு நத்தைகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். பறவையும் கூடவே குத்திக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, மருந்துக் கடை மூடியிருந்தது என்றார். கடை மூடவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கையால் பொறுக்கி அந்த வயலைக் காப்பாற்ற முடியாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். கிழக்கு மூலையில் நாற்றை நத்தை ஏற்கெனவே வெட்டிப்போட்டிருந்தது.

வலை வரவேண்டிய நாள் காலையில் தகரச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அக்கா முழு உடையில், முகத்துணி கண்வரை ஏறியிருக்க, நடுவயலில் நின்றிருந்தார். பறவை வழக்கம் போல விசிலடித்தபடி வந்தது. அவர் தகரத்தை அடித்தார். அது நின்றது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, இன்னும் ஒரு அடி வைத்தது.

அப்போது அவர் ஓடினார். ஐம்பது தாண்டிய பெண், முழங்கால் சேற்றில், தகரத்தை அடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் கத்திக்கொண்டு. "போடா! போ! யாருடா உனக்கு அம்மா? கொக்குக்குப் பொறந்தவன் கொக்குகிட்டப் போ!" பறவை ஓடியது, சுற்றியது, மறுபடி அவர் பக்கமே வரப் பார்த்தது. அவர் துண்டை உருவி அதன் காலில் விளாசினார். தனக்கு அடைக்கலம் தர முகம் மூடிய வேறு ஆள் இருக்கிறாரா என்று அது தேடிய மாதிரி எனக்குப் பட்டது. நானும் துணியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன், சவாத்தும் வந்தான், களையெடுக்க வந்த பெண்களும் கையில் கிடைத்ததைத் தட்டினார்கள். முகமில்லாத ஒரு ஊரே அதன்மேல் பாய்ந்தது. அது எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பி, நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில் மற்ற கொக்குகள் நின்ற பக்கம் போய் இறங்கியது.

ராம்பை வந்தபோது வலைக்கு வேலை இருக்கவில்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்து முகத்துணியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நீ அங்கிக்குள்ள இருந்தப்ப ஒரு வார்த்தை பேசலியா அதுங்கிட்ட?"

"இல்ல, பெரியம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"எப்படிடீ இருந்தே" என்றார் அக்கா. ஒட்டரிசிச் சோற்றுக் கூடையைத் திறந்து அவளுக்கும் ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தார்.

இன்னும் சில காலைகள் அது வந்தது, ஒவ்வொரு தடவையும் தூரத்திலேயே நின்றது. பிறகு வரவில்லை. அடுத்த தொகுதிக் குஞ்சுகளைத் துரத்த நிலையத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டபோது, ராம்பை எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரை வயலுடையோடு கூட்டிப்போனாள்.

தவம் முடிந்து கூட்டம் கூடியது. வினித் ஒலிபெருக்கியைத் தட்டி, கொக்குகளை நம் கரையில் விடச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். பாதிப் பேர் தூக்கினார்கள், பாதிப் பேர் கம்புன் அக்காவைப் பார்த்தார்கள்.

"செத்துப்போனா ஜெயிலுக்கு யாரு போறதுன்னு கேட்டேன்" என்றார் அவர். "இன்னும் பதில் வரல."

"மாவட்ட ஆபீஸ்ல கேட்டேன், கம்புன். எழுதிக் குடுக்க மாட்டேங்குறாங்க" என்றார் வினித்.

"அப்ப திரும்பப் போய்க் கேளுங்க. குடுக்கிற வரைக்கும் கேளுங்க. கிழக்கு மூலையில எனக்கு நாத்து போச்சு, அதையும் சொல்லுங்க." பிறகு கையைத் தூக்கினார், முழுதாக அல்ல, தோள் உயரத்துக்கு. "விடட்டும். ஆனா ஒருத்தரும் அதுங்களுக்குத் தீனி போடக் கூடாது. பக்கத்துல வந்தா துரத்தணும். நான் துரத்துன மாதிரித் துரத்தணும். பாவம்னு எவனாவது நின்னான்னா, அவனை நான் துரத்துவேன்."

வினித் கைகளை எண்ண ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் மருந்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கிழக்கு மூலைக்கும் நடுவயலுக்கும் தெளித்தார். நீர்த்தேக்கத்தை ஒட்டிய கடைசி வயல்துண்டில் மட்டும் மருந்தைக் கரையிலேயே வைத்துவிட்டு, வாளியோடு இறங்கினார்.