ரேவின் பாய்மரம் ஏறினாள்

"நானே ஏறுறேன்" என்றாள் ரேவின்.

அவள் கணவன் நெவில் டோஸ்ட்டில் மார்மைட் பசையைத் தடவிக்கொண்டிருந்தான். கத்தி ரொட்டியைத் தாண்டிப்போய் மேஜை விரிப்பில் ஒரு கறுப்புக் கோடு இழுத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க முடியவில்லை என்பதுதான் சரி.

"எங்க ஏறப்போற?"

"பாய்மரத்துல. காற்றுமானியைக் கழட்டிக் கொண்டு வரப்போறேன்."

"உனக்கு அறுபத்து மூணு வயசு ஆகுது, ரே."

"தெரியும். கேக்ல மெழுகுவத்தி வச்சதே நான்தான்."

இரண்டு வருடமாக நெவிலின் பார்வையில் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறானோ, அது மட்டும் புகைமூட்டம். முதலில் கார் ஓட்டுவது போனது. பிறகு செய்தித்தாள். மிச்சமிருந்தது புதன்கிழமை மாலை மட்டும்தான். அவர்கள் ஊரான ஓபுவாவில் படகுக் கிளப் நடத்தும் பந்தயம். மகள் ஜோஸ்லின் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவர்களுடைய பாய்மரப் படகு 'கரோரோ' அதைத் தவறவிட்டது அபூர்வம். சுக்கான் நெவிலுக்கு, கயிறுகள் ரேவினுக்கு.

பாய்மர உச்சியில் காற்றோடு திரும்பும் சின்ன அம்புக்குறி இப்போது அவனுக்குத் தெரியாது. காற்றுக்கு அசையும்படி பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களும் தெரியாது. ஆனால் உச்சியிலுள்ள காற்றுமானியோடு இணைந்த ஒரு திரை சுக்கானுக்கு எதிரே இருந்தது. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அதில் பெரிய பெரிய எண்கள் ஓடும். தலையைக் கொஞ்சம் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தால் அவனால் படிக்க முடியும். போன கோடை முழுவதும் அப்படியேதான் ஓட்டினான். கிளப்பில் பாதிப் பேருக்கு அவன் கண் விஷயமே தெரியாது.

ஜூலை மாதக் குளிர்காலப் புயலில் அந்த எண்கள் நின்றுபோயின.

படகுத்துறையில் இருந்த மெக்கானிக் பையன் தொலைநோக்கியை வைத்து உச்சியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது. பார்ட்ஸ் கிடைக்காது. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாத்தையும் மாத்தணும். கிறிஸ்துமஸ் கழிச்சுப் பார்க்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நெவில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "அப்ப போதும், ரே. படகை வித்துடலாம்."

அந்தப் 'போதும்'தான் ரேவினின் தூக்கத்தைக் கெடுத்தது. நெவிலின் அண்ணனும் இதே மாதிரிதான் சொன்னார். படகை விற்ற மறுவாரம் டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் முழுக்க வானிலை அறிக்கை பார்த்தார். கடைசிவரை அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தன் வீட்டுக்குள் அப்படி ஒரு நாற்காலி வரக்கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

"சரி, நீ ஏறுற. கயிறை இழுக்கிறது யாரு?" என்றான் நெவில்.

"நீதான். கயிறு இழுக்கக் கண்ணு எதுக்கு?"

அவன் டோஸ்ட்டைக் கடித்தான்.

இத்தனை வருடமும் ஏறியவன் அவன்தான். தபால்துறையில் டெலிபோன் லைன்மேனாக இருந்தவனுக்குக் கம்பம் ஏறுவது மாடிப்படி ஏறுவது மாதிரி. கீழே நின்று, கயிறு சுருட்டும் உருளையின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவனை மேலே அனுப்பியவள் ரேவின். இப்போது எல்லாம் தலைகீழ்.

பாதுகாப்புக் கயிறுக்கு இன்னொரு ஆள் வேண்டும். ராவிரியைக் கூப்பிட்டாள். கிளப்பின் தலைவன். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. ஆனால் ரேவினைப் பார்த்தால் குரல் இறங்கிவிடும். அவள் பள்ளிக்கூடத்துப் பல் நர்ஸாக இருந்தவள். பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வெள்ளைக் கட்டிடத்தைப் பிள்ளைகள் கொலைவீடு என்றுதான் சொல்வார்கள். நாற்பது தாண்டிய உள்ளூர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே அவளிடம் வாய் திறந்து படுத்தவர்கள்தான்.

படகுத்தளத்தில் நின்று ராவிரி அண்ணாந்து பார்த்தான். "வேணாம் நர்ஸ். நான் வேணா ஏறுறேனே?"

"நீ ஏறினா படகு கவுந்துடும். கயிறைப் பிடிடா."

"விழுந்துட்டீங்கன்னா ஜோஸ்லினுக்கு யாரு பதில் சொல்றது?"

"ராவிரி, வாயை மூடு."

"உங்க வாயால இதை இன்னிக்குத்தான் முதல்தடவையா கேட்கிறேன், நர்ஸ்."

நெவில் சிரிக்கவில்லை. தொங்கு இருக்கையில் அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தான். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஸ்க்ரூட்ரைவர், ஸ்பானர் எல்லாவற்றையும் பல் இடுக்கில் விடும் நூலால் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். மேலே கை தவறினால் தண்ணீருக்குள்தான் தேட வேண்டும்.

"ரெடியா?"

"ரெடி."

கைப்பிடி கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. பாதி தூரம் வரை அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாள். உச்சியில் இருக்கை நின்றபோது மூச்சை இழுத்துவிட்டு மெல்லத் திறந்தாள்.

கார்களை ஏற்றிய படகு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் பள்ளிக்கூடத்துக் கூரை. கொலைவீடு இருந்த இடத்தில் இப்போது வாடகை சைக்கிள் கடை. அந்த வாசலில்தான் நெவிலை முதலில் பார்த்தாள். போன் சரிசெய்ய வந்தவன், பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டு உள்ளே வர மறுத்தான். கடைசியில் போனை வெளியே நீட்டச் சொல்லி வாசற்படியில் உட்கார்ந்தே சரிசெய்துவிட்டுப் போனான். மறுநாள் போன் மறுபடி ரிப்பேர். மூன்றாவது முறை வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனது அவனேதான்.

இந்தக் காற்றுமானி வந்த சாயங்காலமும் நினைவுக்கு வந்தது. அதுவரை கம்பியில் கட்டிய கம்பளி நூல்தான் எல்லாம். நெவில் உச்சியில் ஏறி மாட்டிவிட்டு இறங்க, ஒயரைக் கீழே இணைத்ததும் பச்சை எண்கள் மின்னின. படகு கட்டிய இடத்திலேயே நின்றிருந்தது. எங்கேயும் போகவில்லை. ஆனாலும் மூன்று பேரும் போர்வைக்குள் நெருங்கி உட்கார்ந்து, இஞ்சி பிஸ்கட்டைக் கடித்தபடி, டிவி பார்ப்பதுபோல அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்லின் அப்படியே அவள் மடியில் தூங்கிப்போனாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சாயங்காலத்தைவிட நிறைவான ஒன்றை அவளால் யோசிக்க முடியவில்லை.

"என்னடி ஆச்சு? உசுரோட இருக்கியா?" கீழே இருந்து நெவில் கத்தினான்.

"வேடிக்கை பார்க்கிறேன்!"

"டிக்கெட் எடுத்தியா?"

நாலு திருகாணிகளைக் கழற்றி, காற்றுமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்துப் பிரித்துப் போட்டாள். காற்றில் சுழலும் மூன்று சின்னக் கிண்ணங்கள், திசை காட்டும் வால், நடுவே ஒரு தண்டு. அவளுடைய பழைய வளைந்த ஊசிகள் இதற்கென்றே செய்ததுபோல இருந்தன. இடுக்கில் உறைந்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தாள். ஒயர் நன்றாக இருந்தது. வாலும் சரி. குற்றவாளி பேரிங்தான். துருப்பிடித்து இறுகியிருந்தது. வெந்நீரும் வினிகரும் கலந்து ஊறவைத்துத் தட்டியதும், பொடிப்பொடியாகக் கொட்டியது.

கூட வந்திருந்த ராவிரி எட்டிப் பார்த்தான். "போச்சா?"

"சொத்தை. வேர் வரைக்கும்."

அந்த அளவில் பேரிங் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. போன் பண்ணிப் பண்ணிக் களைத்துப்போய் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நெவில் 'போதும்' என்று மறுபடி சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது. சட்டென்று எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள்.

பள்ளிக்கூடத்துப் பல் மருத்துவ அறையை மூடியபோது அவளுக்குக் கொடுத்தது. அவள் கையிலேயே தேய்ந்த, பல் துளைக்கும் கருவி.

மூடியைத் திறந்ததும் ராவிரி இரண்டடி பின்வாங்கினான். "ஐயோ, அது இன்னும் இருக்கா?"

"உன் கடவாப்பல்லு ரெண்டும் இதுலதான் துளைச்சேன்."

"ஞாபகப்படுத்தாதீங்க நர்ஸ். அப்புறம் பஞ்சுல ஒரு தேனீ செஞ்சு கொடுத்தீங்க. அதையும் என் தங்கச்சி பிடுங்கிட்டா."

நெவில் மேஜையைத் தடவி அந்தக் கருவியைக் கையில் எடுத்தான். எடை பார்ப்பதுபோல ஆட்டினான். "இதை உடைச்சுப் பேரிங்கை எடுக்கவா போற? வேணாம், ரே. உன் வாழ்க்கையே இதுலதான இருக்கு."

"என் வாழ்க்கை எதுக்கு அலமாரிக்குள்ள கிடக்கணும்? கொடு இப்படி."

உள்ளே இருந்த பேரிங் பளபளவென்று வெளியே வந்தது. தண்டில் கொஞ்சம் தொளதொளத்தது. சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை வெட்டி ஒரு சுற்று சுற்றியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாவற்றையும் பூட்டி, லேசாக ஊதினாள். கிண்ணங்கள் சுழன்றன. நிற்கவே மனமில்லாமல் சுழன்றன. நெவில் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டான். ராவிரி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை மறுபடி ஏறி மாட்டிவிட்டு இறங்கினாள். நெவில் திரையைப் போட்டுத் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தான்.

"என்ன, வேலை செய்யலையா?"

"செய்யுது, செய்யுது. மூஞ்சியில காத்து அடிக்குது. இது முதுகுலங்குது. படகு பின்னாடி போகுதா ரே?"

திசை காட்டும் வாலை முன்பின்னாகப் பூட்டியிருந்தாள். நெவிலுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அதற்காக இன்னொரு தரம் ஏறலாம் என்று ரேவினுக்குத் தோன்றியது. ஏறினாள்.

இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே போனாள். பாதியில் நெவிலின் குரல் வந்தது: "குறுக்குக் கம்பி வந்திருக்கும். தலையைக் குனி." நிமிர்ந்து பார்த்தாள். கம்பி நெற்றிக்கு நேராக இருந்தது. அவன் மேலே பார்க்கவே இல்லை. தன் கைகளைக்கூடப் பார்க்கவில்லை. கயிறு இறுகுவதையும் தளர்வதையும் வைத்தே அவள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மாலை நல்ல காற்று. எண்கள் உயிரோடு ஓடின. நெவில் முகத்தைச் சாய்த்தபடி சுக்கானைப் பிடித்து, அவளை அதட்டிக்கொண்டே ஓட்டினான். "இழு, இழு! தூங்கிட்டியா?" பழைய புதன்கிழமை அப்படியே திரும்பி வந்துவிட்டது. முதல் திருப்பத்தில் மூன்றாவதாக இருந்தார்கள். ராவிரியின் படகைத் தாண்டும்போது நெவில் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான்.

ரேவின் குனிந்து கயிறை இறுக்கிக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தாள். எதிரே, கரோரோவின் மூக்குக்கு நேராக, மஞ்சள் நிறத் துடுப்புப் படகு. உள்ளே ஒரு பெண்.

"நெவில்! வலது! வலது திருப்பு!"

அவன் திருப்பினான். கரோரோ சாய்ந்து விலகியது. அந்தப் பெண்ணின் துடுப்பு கரோரோவின் விலாவில் தட்டி உராய்ந்துகொண்டே போனது.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அந்தப் பெண் அலறினாள்.

"எங்க? யாரு?" என்றான் நெவில். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாருக்கும் அடியில்லை. துடுப்புப் படகு பின்னால் போய்விட்டது. திரையில் எண்கள் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. காற்றின் திசை சரி, வேகம் சரி. நடுவில் ஒரு மனுஷி இருந்ததை மட்டும் அது சொல்லவில்லை.

"ரே, வந்து சுக்கானைப் பிடி."

அவள் கயிறை விடவில்லை. இதற்காகத்தானே இத்தனை பாடு? "ஒண்ணும் ஆகல நெவில். இனிமே நான் முன்னாடியே பார்த்துட்டிருக்கேன். நான் சொல்றேன், நீ ஓட்டு. விட்டுடாத."

"நீ கயிறு இழுப்பியா, ரோடு பார்ப்பியா? பிடிங்கறேன்ல."

பிடித்தாள். பந்தயத்தில் ஒருநாளும் அவள் சுக்கான் பிடித்ததில்லை. நெவில் படகுத்தளத்தைத் தடவியபடி அவள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

"வித்துடலாம்னு சொல்லப்போற. அதான?" என்றாள்.

"யாரு சொன்னா? உன்னை மேல ஏத்தினேன்ல, அப்ப ஒண்ணு தெரிஞ்சுது. எனக்குக் கண்ணே தேவைப்படல. நீ எங்க இருக்க, எங்க இடிக்கப்போறன்னு எல்லாம் கை சொல்லுச்சு. ரெண்டு வருஷமா கண்ணு வேண்டிய வேலையையே கட்டிப்பிடிச்சுட்டு அழுதிருக்கேன், முட்டாள்." கயிறை உருளையில் ஒரு சுற்றுப் போட்டு, கைப்பிடியைத் தேடி மாட்டினான். "இது என் வேலை. அது உன் வேலை. இப்ப எண்ணு என்ன காட்டுது?"

ரேவின் திரையைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் அவளுக்கும் ஒரு நொடி எண்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"காத்து இடப்பக்கம் நாப்பத்தஞ்சு டிகிரி."

"காத்தை விட்டு விலகிப் போற. இன்னும் கொஞ்சம் காத்துப் பக்கம் திருப்பு. பதமா. பல்லா பிடுங்கற?"

"கத்தாத!"

"இத்தனை வருஷமா நான் கத்துனதை வாங்கிட்டு இருந்தல்ல? இன்னும் வாங்கு."

பின்னாலிருந்து ராவிரியின் படகு அவர்களைத் தாண்டியது. அடுத்து இன்னும் இரண்டு தாண்டின. ரேவின் சுக்கானை மெல்ல அசைத்தாள். எண் நாற்பதுக்கு இறங்கியது. கயிறு இறுகியதைக் கையில் உணர்ந்த நெவில், அவள் சொல்வதற்கு முன்பே கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான்.