ஷீபாவின் தூக்கம்

வாலிபர் ஊழியத்தில் பட்டம் வாங்கியவன் நான். ஒலக்கூர் சபையில் நான் நடத்தும் ஞாயிறு கூட்டத்தில் ஷீபா மட்டும் கடைசி ஆமென் வரை தூங்குவாள். கிட்டார், விளையாட்டு, விநாடி வினா என்று படித்த வித்தையெல்லாம் இறக்கினேன். அப்போதும் தூங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பேசறது அவ்ளோ போரடிக்குதாம்மா?" என்று கேட்டேவிட்டேன்.

"அய்யோ, இல்ல பிரதர்! நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வர்றேன். வூட்டுல அப்பா குடிச்சிட்டு ரகளை பண்ணிக்கினே இருப்பாரு. இங்கதான் பயமில்லாம தூங்கறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அடுத்த ஞாயிறு, பெண்கள் பக்கம் மின்விசிறிக்குக் கீழே கூடுதலாக ஒரு பாய் விரித்தேன். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. அவள் கண்ணயர்ந்ததும் நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினேன்.

கடைசி ஆமெனை எல்லோரும் கிசுகிசுத்தே சொன்னார்கள்.