மூன்று ஃபூச்சூ

யாழ்ப்பாணத்தவர் யாரும் பொதி அனுப்ப வந்தால் தபோதரனிடமிருந்து இலேசில் தப்ப முடியாது. எந்த ஊர், அதிலை எவடம், கோயிலுக்கு மேற்கா கிழக்கா, ஆரின்ரை பிள்ளை என்றெல்லாம் கிண்டிவிட்டுத்தான் முகவரியைப் பதிவார். ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில், கமலநாயகி அக்காவின் பொதிக்கடையில், பன்னிரண்டு வருடமாக இந்த விசாரணை நடக்கிறது. ஆனால் ஜப்பான்காரர் வந்தால் மனிதருக்கு வாய் கட்டிவிடும். அவர்கள் குனிவார்கள், இவரும் குனிவார். திருப்பிக் கேட்டால் மரியாதையில்லை என்று ஒரு நினைப்பு.

பக்கத்து ஜப்பானிய உணவகத்தில் சமைக்கும் கஸுமி, தங்கை மகள் கல்யாணத்தன்று உடுத்துவதற்காகத் தன் கல்யாணக் கிமோனோவை அனுப்பக் கொண்டுவந்தார். லீவு கிடைக்கவில்லை, நான் போகாவிட்டாலும் உடுப்பாவது போகட்டும் என்றார். ஊர் ஃபூச்சூ. அஞ்சல் எண்ணை எழுத மறந்திருந்தார். கணினியில் தட்டினால் ஒன்றுக்கு மூன்று ஃபூச்சூ வந்து நின்றன. தபோதரன் கேட்கக் கூச்சப்பட்டு முதலாவதை அமத்திவிட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பொதி ஹிரோஷிமாப் பக்கத்து ஃபூச்சூவில் நிற்பதாகக் கணினி காட்டியது. கல்யாணமோ தோக்கியோப் பக்கத்து ஃபூச்சூவில். தபோதரன் கஸுமியிடம் சொல்லவென்று எழும்பினார்.

“கொம்பியூட்டர் பிழையெண்டு சொல்லிவிடு தம்பி,” என்றார் கமலநாயகி.

“ஏலாதக்கா. பிழை என்ரை. நானே போய்ச் சொல்லுறன்.”

அவர் வாசலைத் தாண்டுமுன், பொதியில் கடை எண்ணாகப் பதிந்திருந்த அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. யாரோ ஓர் ஆண் ஜப்பானிய மொழியில் பேசினார். இவருக்கு விளங்கியது ஃபூச்சூ என்ற ஒரு சொல்தான். அப்படியே ஓடிப்போய்க் கஸுமியின் ஈரக்கையில் தொலைபேசியைத் திணித்து, தன் பிழையையும் மூச்சிரைக்க ஒப்புக்கொண்டார்.

பேசியவர் பொதி நின்ற ஊர்த் தபாலகத்து ஊழியர். இங்கே இப்படியொரு தெருவே இல்லை, ஃபூச்சூக்களின் தபால் மாறிவருவது வழக்கம்தான், கல்யாண உடுப்பு என்று எழுதியிருந்ததால் திருப்பியனுப்ப மனம் வரவில்லை, சரியான ஊரைச் சொன்னால் இன்றைக்கே அனுப்புகிறேன் என்றாராம். கஸுமி தொலைபேசியைப் பார்த்து நாலுதரம் குனிந்தார். தபோதரனும் சேர்ந்து குனிந்தார்.

சனிக்கிழமை கஸுமி படம் காட்டினார். கிமோனோவில் மணப்பெண். தபோதரனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கிய பெடியன், அண்ணை காத்துநின்ற பிராங்க்ஃபேர்ட்டை விட்டுவிட்டு, போலந்து எல்லையிலிருக்கும் மற்ற பிராங்க்ஃபேர்ட்டில் போய் நின்று அழுதவன் இவர்தான். ஒரு ரயில்வேக்காரர் கையைப் பிடித்துச் சரியான ரயிலில் ஏற்றிவிட்டார். நன்றி சொல்ல அப்போது பாஷை தெரியாது. பெயரும் தெரியாது.

திங்கட்கிழமை தபோதரன் பயறுமாவில் செய்த பயத்தம் பணியாரத்தை ஒரு பெட்டியில் அடுக்கினார்.

“ஆருக்கு இது?” என்று கேட்டார் கமலநாயகி.

“அந்தத் தபால்கார மனுசனுக்கு. அண்டைக்கு என்னை ரயிலிலை ஏத்திவிட்ட மனுசனுக்கும் சேர்த்துத்தான் அக்கா.”

பிறகு பெட்டியோடு கஸுமியிடம் போய், எந்த ஃபூச்சூ, அதில் எந்தத் தெரு, தபாலகத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.