பாண்டியம்மாள் வீட்டுப் பெருக்கல் குறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதன் என்றால் தூங்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஐந்தரை மணிக்கே ஒத்தக்கடை டீக்கடையில் கூடி, கணுக்கால் புதையும் சேற்றில் கரடு ஏறி இறங்கி, அதற்கென்று ஒரே நிறத்தில் டீசர்ட்டும் தைத்து வைத்திருக்கிற முப்பது பேரை என்னவென்று சொல்வது? சத்யப்ரியா அந்த முப்பதில் ஒருத்தி. தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்த வாரம் அவள்தான் முயல்.

முயல் என்றால் தடம் போடுகிறவர். முதல் நாளே போய்ப் பாதை நெடுகக் குறி போட்டு வைக்க வேண்டும். அம்புக்குறி இருந்தால் ஓடு. பெருக்கல் குறி இருந்தால் நீ ஏமாந்தாய், திரும்பு. முன்னால் பறக்கிற வேகக்காரர்கள் பெருக்கல் குறியில் முட்டித் திரும்புவதற்குள், பின்னால் மூச்சிரைக்க வருகிறவர்கள் எட்டிப் பிடித்துவிடலாம். அந்தக் கூட்டத்தின் மொத்த விளையாட்டும் அதில்தான் இருந்தது.

பின்னால் வருகிறவர் என்றால் அது மலைச்சாமிதான். டவுன் பஸ் கண்டக்டர். ஐம்பதை நெருங்குகிறவர். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஓட வந்தவர். அவர் வந்து சேரும்போது எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட, ஓட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடுகிற பொங்கல் சூடாக இருந்ததில்லை. "ஒரு வாட்டியாச்சும் கூட்டத்தோட சேந்து வந்து நிக்கணும் டீச்சர். கடைசியா வந்து வந்து வெக்கமா இருக்கு" என்று போன வாரம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது அவள் மனதில் தைத்துவிட்டது.

அவருக்காகவே இந்த முறை பெருக்கல் குறிகளை அள்ளி இறைத்தாள். வழக்கமாகப் போடுவது மைதா மாவு. மழை வந்தால் அது கரைந்துபோகும் என்று, பள்ளி மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்பை ஒரு வாளியில் கரைத்து எடுத்துப் போனாள். கரட்டுக்குப் பின்பக்கம் வயலோரத்தில் ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. ஆள் குடியில்லை என்று நினைத்துக்கொண்டு, வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள். தள்ளி நின்று பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அந்த வீட்டில் ஆள் இருந்தது. பாண்டியம்மாள் என்று பெயர். மகளைப் பார்க்க மேலூர் போயிருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் சாலை போட வந்தவர்கள் பன்னிரண்டு வீட்டுச் சுவரில் இதே பெருக்கல் குறியைத்தான் போட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஜேசிபி வந்து பன்னிரண்டையும் தள்ளிவிட்டுப் போனது. நம்ம ஊர்ச் சுவரில் குறி போட வருகிறவன் முழுக் கையோடு திரும்பக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கே பேசி வைத்திருந்தார்கள். இதெல்லாம் சத்யப்ரியாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரவு நல்ல மழை. காலையில் அவள் கரட்டு உச்சிப் பாறையில் உட்கார்ந்து, கீழே ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றில் வழுக்கி விழுவதும் எழுவதும் கத்துவதுமாக ஒரே கூத்து. வேகக்காரர்கள் அன்றைக்கென்று பார்த்துச் சரியான பாதையைப் பிடித்துவிட்டார்கள். மலைச்சாமி ஒருவர்தான் ஓட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். குறியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்து அதைப் போட்டோ பிடித்தார். நான் ஏமாந்துவிட்டேன் என்று குரூப்பில் போடுவதற்காகத்தான் இருக்கும். மேலேயிருந்து சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது நாலு பேர் வயலுக்குள்ளிருந்து வந்தார்கள். வழி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தாள். ஒருவன் மலைச்சாமியின் போனைத் தட்டிவிட்டான். இன்னொருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவள் பாறையிலிருந்து குதித்து இறங்கி ஓடினாள். சரிவில் இரண்டு முறை விழுந்தாள். வீட்டுக்கு இருபதடி தூரத்தில் இருந்த மோட்டார் ரூம் மறைவுக்கு வந்தபோது பேச்சு காதில் விழுந்தது.

"எதுக்குடா போட்டோ புடிக்கிற? நீ கவர்மெண்டு ஆளா?" கேட்டவன் நல்லகாமன். பாண்டியம்மாளின் அக்கா மகன். கையில் மண்வெட்டியிலிருந்து கழற்றிய கணை, தடித்த மரப்பிடி, இருந்தது.

"ஆமா தம்பி, கவர்மெண்டுதான்" என்றார் மலைச்சாமி. கவர்மெண்டு பஸ் வேலை என்று சொன்னால் நாலு பேர் மரியாதை கொடுப்பார்கள் என்று பழகிய மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கணை அவர் தோளில் இறங்கியது. அடுத்தது முதுகில். அவர் சேற்றில் குப்புற விழுந்தார். வாசலில் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, குறியைப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிட ஓடியவள், பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. "அந்தக் கைய ஒடிடா! என் வீட்டுல குறி போட்ட கைய ஒடி!" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

சத்யப்ரியா நின்றுவிட்டாள். நான்தான் போட்டேன் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் வரவில்லை. பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்றாவது அடியை மலைச்சாமி கையால் தடுத்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"நான் போடல தம்பி" என்று மலைச்சாமி முனகினார்.

"நீ போடலேன்னா யாருடா போட்டா? சொல்லு!" என்றான் நல்லகாமன்.

மலைச்சாமி தலையைத் தூக்கினார். மோட்டார் ரூம் ஓரத்தில் நின்றவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இந்த வாரம் முயல் யார் என்று அவருக்குத் தெரியாதா?

"தெரியாது தம்பி" என்றார். அதற்கும் ஒரு மிதி விழுந்தது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஓடிப்போய் நடுவில் நின்றாள். "நான்தான் போட்டேன்! அவர விடுங்க! நாங்க ஆபீஸ்காரங்க இல்ல. ஞாயித்துக்கெழம ஓடுறவங்க. வழி தெரியுறதுக்குக் குறி போடுவோம். அது ஒரு வெளையாட்டுங்க."

சாலைக்காரி என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்களோ என்னமோ. விளையாட்டு என்ற சொல் எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

"வெளையாட்டா?" பாண்டியம்மாள் வந்த வேகத்துக்கு யாரும் குறுக்கே வரவில்லை. சத்யப்ரியாவின் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். "வாசல்ல இதப் பாத்து என் ஈரக்கொல அந்து போச்சேடி! புருசன் செத்து ஒத்தையில கட்டுன வீடுடி! உனக்கு வெளையாட்டா?" கேட்டுக் கேட்டு அவள் முகத்தைச் சுவரில், குறியின் மேலேயே மோதினாள். ஒரு மோதலில் உதடு கிழிந்தது. அடுத்ததில் பல் ஒன்று ஆடியது. வயல் வேலை பார்த்த கை, பிடி தளரவில்லை.

சத்யப்ரியா ஒரு கண்ணால் பார்த்தாள். நல்லகாமன் மறுபடி கணையை ஓங்கியிருந்தான். இந்த முறை மலைச்சாமியின் தலைக்கு நேராக. "வெளையாட வந்தாய்ங்களாம்ல, வெளையாட!"

சுவரோரமாகச் சரிந்திருந்த அவள் கை தரையைத் துழாவியது. சேற்றிலிருந்து ஒரு கல் வந்தது. அதைக் கொண்டு, மேலே குனிந்திருந்த பாண்டியம்மாளின் நெற்றிப் பொட்டில் அடித்தாள். பிடி விட்டுப்போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு அடி அடித்தாள். முதல் அடி விடுபடுவதற்கு. இரண்டாவது எதற்கு? பள்ளியில் பிள்ளைகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக்கொடுக்கிற கை அது. பாண்டியம்மாள் அப்படியே சாய்ந்தாள்.

"சின்னாத்தா!" நல்லகாமன் கணையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளை மடியில் தாங்கினான். மற்ற மூவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். மலைச்சாமி சேற்றில் முனகிக்கொண்டு கிடந்தார்.

பாண்டியம்மாளின் முகம் முழுக்க இரத்தம். அவள் கை நீண்டு வந்து சத்யப்ரியாவின் கணுக்காலைப் பிடித்தது. சத்யப்ரியா பதறிப்போய்க் கல்லை மறுபடி ஓங்கினாள்.

"ஏத்தா" என்றாள் பாண்டியம்மாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "நெசமாவே வெளையாட்டுத்தானா?"

"ஆமா."

"ஆபீஸ்காரவுக போடலையா?"

"இல்லம்மா. நான்தான் போட்டேன்."

"அப்ப வீட்ட இடிக்க வர மாட்டாய்ங்கள்ல?"

சாலை எங்கே வருகிறது, யார் வீட்டுக்கு மேல் போகிறது என்பது சத்யப்ரியாவுக்கு என்ன தெரியும்? "வர மாட்டாங்கம்மா" என்றாள்.

பாண்டியம்மாள் கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு வீட்டைப் பார்த்தாள். அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று டாக்டர் சொல்லிக் கேட்டவள் சிரிப்பது மாதிரிச் சிரித்தாள். கணுக்காலை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். "அது போதும்த்தா. நீ நல்லாருப்ப" என்றாள். பிறகு நல்லகாமனைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லடா. போயி அந்த மனுசன மொதல்ல தூக்கு" என்றாள்.

சத்யப்ரியா கல்லைக் கீழே போட நினைத்தாள். விரல்கள் விரிய மறுத்தன.