பட்டியலில் முதல் வரி

எங்கள் ஸ்டேஷனில் நான் ரைட்டர். தலைமைக் காவலர் பொன்னுத்தங்கம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாலும் எல்லோருக்கும் நான் ரைட்டரம்மாதான். எஃப்.ஐ.ஆர். எழுதுவது, மேலே இருந்து வருகிற கடிதத்துக்குப் பதில் போடுவது, யார் எங்கே டூட்டி என்று பிரிப்பது எல்லாம் என் தலையில். பதினெட்டு வருஷச் சர்வீஸில் எத்தனையோ புதுத் திட்டங்களைப் பார்த்துவிட்டேன். பாதி, ஃபைல் அட்டையோடு சரி. செப்டம்பர் கடைசியில் வந்த சுற்றறிக்கையையும் அந்த நினைப்பில்தான் வாங்கி வைத்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் எல்லைக்குள் இருக்கிற மக்களைக் கூப்பிட்டு, போலீஸ் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அதில் மூன்றை எடுத்து வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்கு ரோந்தும் ஆளும் வண்டியும் அந்த வரிசைப்படிதான். எங்களிடம் இருப்பது ஒரு ஜீப், பதினாலு ஆள். முதல் வரியில் எழுதியது நடக்கும். மூன்றாவது வரியில் எழுதியது நடந்தாலும் நடக்கும்.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன் சின்ன வயசு. நல்ல மனிதர், சொன்னால் கேட்பார். ஆனால் கூட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் வைத்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் காலை பதினோரு மணிக்கு ஊரில் யார் இருப்பார்கள்? ஏழு மணிக்கு முன்னாலேயே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆறு மணிக்குத்தான் கொண்டுவந்து இறக்கும். நான் சொன்னேன். மண்டபம் அப்போதுதான் சும்மா இருக்கிறது என்றார்.

நாற்பது பேர் வந்தார்கள். கடைக்காரர்கள், அச்சாபீஸ்காரர்கள், பட்டாசுக் கம்பெனி முதலாளிகள் இரண்டு பேர். அதில் சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்து, நாலு முக்கிலும் கேமரா வைக்கிற செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். கை தட்டினார்கள். பைக் திருட்டு, செயின் பறிப்பு என்று மற்றவர்கள் சொன்னதும் அதிலேயே போய்ச் சேர்ந்தது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கழுத்தில் ஒரு செயின் இருக்கிறது. ஆனால் எங்கள் எல்லையில் ஆள் சாவது செயின் பறிப்பில் இல்லை.

அன்று சாயங்காலமே ஒரு கட்டுத் துண்டுச் சீட்டோடு வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். பெண்கள் உடம்பெல்லாம் வெடிமருந்து வாசனையோடு இறங்கினார்கள். அறுபது எழுபது சீட்டு சேர்ந்தது. பாதையில் விளக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள். கடை ஓரத்தில் குடித்துவிட்டுக் கிடக்கிற ஆண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒன்றை மட்டும் ஒருத்தர்கூட எழுதவில்லை.

அந்த ஒன்றைப் பார்க்க நான் தெற்குத் தெருவுக்குள் போனால் போதும். நான் பிறந்து வளர்ந்த தெரு. அன்றைக்கு அங்கே ஆறு வீடுகளில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வாசலில் கிடந்தன. வெளியூர்க்காரர் பார்த்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நினைப்பார். எங்கள் ஆட்களுக்கு அர்த்தம் தெரியும். உள்ளே மருந்து அடைக்கிறார்கள்.

சரவெடிக்குக் காகிதக் குழாயில் வெடிமருந்து அடைக்கிற வேலை அது. லைசென்ஸ் உள்ள பாக்டரியில் மருந்து வேலைக்குத் தனி ரூம் உண்டு, ஓடித் தப்ப எல்லாப் பக்கமும் வாசல் உண்டு, ஒரு ரூமில் இத்தனை பேர்தான் என்று சட்டம் உண்டு. வீட்டில் ஒரு வாசல், அதிலும் பாதியை மறைத்துக்கொண்டு பீரோ. அதனால் அடைக்கிற நாளில் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பத்திரமாகத்தான் செய்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள். மழை வந்தால் அடுப்பு உள்ளே வரும். மருந்து எங்கேயும் போகாது. இதை யாரும் யோசிப்பதில்லை, யோசித்தாலும் வாய் திறப்பதில்லை. மேற்கே ஏற்கெனவே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

ஆறு வீட்டில் ஒன்று என் அண்ணன் சங்கிலிமுத்துவின் வீடு.

அண்ணன் ஒன்றும் திருட்டுத்தொழில் பார்க்கிற ஆள் இல்லை. ஜூன் மாதம் வரைக்கும் ஒழுங்காகப் பாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்‌ஷனில் அந்தக் கம்பெனியின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். தீபாவளி சீசனில் சும்மா உட்கார முடியாமல் ஒரு புரோக்கரிடம் ஆர்டர் பிடித்து வீட்டிலேயே அடைக்க ஆரம்பித்துவிட்டான். மாடத்தி மதினியும் கூட உட்கார்ந்து செய்தாள். அவர்கள் மகள் எழிலுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதே ஒற்றை அறையில் வீட்டுப்பாடம் எழுதும்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போக வேண்டும். நான் புதன்கிழமை காலையில் அண்ணனைப் பார்த்தேன். வீட்டில் இருப்பதை எல்லாம் அப்புறப்படுத்து, நான் எழுதப் போகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சனிக்கெழம சாயங்காலம் லோடு ஏறிரும். அதுவரைக்கும் நீ கண்ண மூடிக்கிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

மழை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மழை வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்றான். மதினி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். வேறு யார் வீடாக இருந்தாலும் அப்போதே ஜீப்போடு போய் நின்றிருப்பேன். அண்ணன் என்பதால் மூன்று நாள் விட்டேன். எழில் அந்த மூன்று நாளும் அங்கேதான் படுத்துத் தூங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அடுப்பு வாசலிலேயே கிடந்தது. நான் பட்டியலை டைப் அடித்தேன். முதல் வரி: வீடுகளில் அனுமதி இன்றி வெடிமருந்து அடைத்தல். இரண்டாவது, வேன் நிறுத்தத்தில் விளக்கும் ரோந்தும். கேமரா மூன்றாவது.

எஸ்.ஐ. படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கூட்டத்திலும் இதை யாரும் கேட்கவில்லை, சீட்டிலும் ஒன்றுகூட இல்லை, மக்கள் கேட்டதைத்தானே எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நியாயமான கேள்விதான்.

"கேக்க மாட்டாக சார். கேட்டா மொதல்ல அவுகவுக வீட்டுக்குத்தான் நாம போகணும். எங்க அண்ணன் வீடும் அதுல ஒண்ணு."

அவர் பட்டியலை இன்னொரு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் கவலைப்பட்டார். கேமரா மூன்றாவது வரியில் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

சனிக்கிழமை காலை போனோம். வீட்டில் பெண்கள் இருந்தால் பெண் போலீஸ் வேண்டும். இருந்த இன்னொருத்தி லீவு. நான்தான் போனேன். போகாமல் இருக்க ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மதினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாலு மூட்டை சரவெடி கட்டித் தயாராக இருந்தது. மருந்து அடைத்த குழாய்கள் முறத்தில் பரப்பிக் கிடந்தன. கலந்த மருந்து இரண்டு பிளாஸ்டிக் பேசினில், ஈரத்துணி போட்டு மூடி, எழில் படுக்கிற கட்டிலுக்கு அடியில் இருந்தது. பிள்ளை அப்போதும் கட்டிலில்தான் இருந்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. நான்தான் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் விட்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தை நீங்களும் இங்கே இருங்கள் என்றது.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். மதினிதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"இந்த வீட்டு அடுப்புல எம்புட்டு நாள் சாப்பிட்டுருக்க, தங்கம். இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

நாங்கள் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, மருந்தை முறைப்படி எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் ஒதுக்கி வைக்க அது போதும். நாங்கள் போனபோது அடுப்பெல்லாம் உள்ளே இருந்தது, தரையெல்லாம் கழுவி ஈரமாக இருந்தது. மூட்டைகளைச் சந்து வழியாகக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரே ஜீப்பை வைத்துக்கொண்டு ஆறு வீட்டை ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆறில் ஒன்று மாட்டியது. அது போலீஸ்காரியின் அண்ணன் வீடு. தெரு என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஊரில் ஒன்றும் வெடிக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே, அம்புட்டு மழையிலும் என்ன ஆகிவிட்டது என்று தெருவில் என் காதுபடவே கேட்டார்கள். வெடித்திருந்தால் என் பேச்சு சரியென்று ஆகியிருக்கும். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம்.

அண்ணன் தீபாவளிக்குச் சப்-ஜெயிலில் இருந்தான். எழிலுக்குப் பாவாடை சட்டையும் ஒரு பெட்டி மிக்சரும் வாங்கிக்கொண்டு போனேன். கதவு திறக்கவில்லை. பிள்ளை உள்ளேயிருந்து அத்தை என்று கூப்பிட்டது, மதினி அதட்டியது கேட்டது. பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தப் பை அப்படியே ஸ்டேஷன் வாசலில் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். யூனிபார்மைக் கழற்றக்கூட இல்லை.

பத்தொன்பதாவது நாள் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. பிறகு ஒரு அச்சாபீஸில் லோடு ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனான். வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவான். மதினி அதுவும் இல்லை. எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவாள்.

பொங்கல் கழிந்து அடுத்த கூட்டம் வந்தது. இந்தத் தடவை ராத்திரி ஏழு மணி, பள்ளிக்கூட மைதானம். என் பேச்சை எஸ்.ஐ. கேட்டார். வேனில் இறங்கிய பெண்கள் தூக்குவாளியோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் மதினி இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எஸ்.ஐ. போன பட்டியலைப் படித்தார். வேன் நிறுத்தத்தில் விளக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் நம் எல்லையில் வீட்டில் நடந்த வெடி விபத்து ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த முதல் வரியை எடுத்துவிட்டு, மூன்றாவதாக இருந்த கேமராவை மேலே கொண்டுவரலாமா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். முன்வரிசையில் சங்கரலிங்கம் அண்ணாச்சி தலையை ஆட்டினார். எழுந்து பேச எனக்கு உரிமை இல்லை, நான் போலீஸ். பேச உரிமை உள்ளவர்கள் அத்தனை பேரும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்காதீக."

மதினியின் குரல். எழுந்து நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மதினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க வீட்ட மட்டும் பிடிச்சீக. எங்க வீட்டுக்காரவுக உள்ள இருந்துட்டு வந்தாக. மத்தவுக அம்புட்டுப் பேரும் அன்னிக்கு ஒதுக்கி வச்சிட்டு, பொங்க முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சிட்டாக. எம் மக படுக்கிற செவுத்துக்கு அங்கிட்டு இப்ப மருந்து இருக்கு, சார். கட்டிலு அடியில இருந்தப்ப எனக்கு ஒறைக்கல. அடுத்த வீட்டுல இருக்கையில எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. அதே மொத எடத்துல இருக்கட்டும்."

தெற்குத் தெரு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. என்னை மூன்று மாதமாகப் பார்த்த அதே பார்வை. நாளையிலிருந்து குழாயடியில் அவளோடு யாரும் பேச மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். நின்ற இடத்தில் அப்படியே நின்றாள்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பி, ஆட்சேபணை சொன்னவரின் பெயர், விலாசத்தைப் பதிவு செய்யுங்கள் என்றார். யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் முறைப்படிதான் கேட்டார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தேன். பேர் சொல்லுங்கள் என்றேன். மாடத்தி என்றாள். எந்தத் தெரு என்றேன். தெற்குத் தெரு என்றாள். கணவர் பெயர் என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ஸ்டேஷனுக்கு வந்தால் கூட வந்த யாராவது சொல்வார்கள். அவளோடு அன்றைக்கு யாரும் வரவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அவுக பேரு நீயே எழுதிக்க, தங்கம்."

எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைப் பெருவிரலால் ஒரு தடவை தொட்டு, என் பேனாவை வாங்கி, தெருவின் பெயருக்குக் கீழே கையெழுத்தைப் போட்டாள்.