நாலு இறக்கைப் புஷ்பக விமானம்

மீனாக்ஷியின் கொலுவில் எப்போதும் ஒரு படி காலியாக இருக்கும். ஆர்.கே.புரத்தில் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே அது தெரியும். மேலிருந்து மூன்றாவது படி. வேட்டி விரித்து, இரண்டு ஓரத்திலும் சின்னக் குத்துவிளக்கு வைத்திருப்பாள். பொம்மை மட்டும் இருக்காது.

அவள் மாமியாரின் தசாவதார செட் நின்ற இடம் அது. மாமியார் காலமான 1999-இல், காரியங்கள் முடிந்து திரும்பும்போது மைத்துனன் ஷ்ரவண் அதை மனைவிக்காக அமெரிக்காவுக்கு எடுத்துப் போனான். "ரோஹிணிக்கு அங்க கொலு வைக்கணும்னு ஆசை மன்னி. ரெண்டே வருஷம், திருப்பிக் கொண்டுவந்துடறேன்" என்றான். இது 2003.

பத்து அவதாரமும் பெட்டியை அடைத்துக்கொண்டதால் அவனுடைய சாமான் ஒன்று டெல்லியிலேயே தங்கிவிட்டது. அந்தத் தடவை அவன் அங்கிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் கட்டை செட். ஏதோ விண்வெளிப் படத்தில் வரும் சண்டை விமானமாம். சாம்பல் நிறம், நாலு இறக்கை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது மீனாக்ஷி.

நவராத்திரி நாலாம் நாள் சாயங்காலம் ஷ்ரவண் வந்தான். குர்காவ்னில் ஆபீஸ் வேலையாம். காலில் ஷூவோடு வாசலிலேயே கேட்டான்.

"மன்னி, என்னோட ஷிப் இருக்கோல்லியோ?"

"இருக்கு. நாங்களும் இருக்கோம்" என்றாள் மீனாக்ஷி.

கொலு பார்க்க வந்திருந்த எதிர் பிளாக் வத்சலா மாமி சுண்டல் கிண்ணத்தோடு நாற்காலியில் இருந்தாள். ஷ்ரவணின் அண்ணன் ராஜாராமன் பேப்பரை மடிக்காமல், "வாடா" என்றார். "அதுக்கென்ன இப்போ இவ்வளவு அவசரம்?"

"அது முதல் வருஷத்து செட், அண்ணா. அதுவரைக்கும் அந்தக் கம்பெனி எந்தப் படத்தையும் வெச்சு செட் போட்டதில்லை. தொண்ணூத்தொம்பதுலதான் ஆரம்பிச்சா. எங்க கிளப்ல முதல் வருஷ செட் எல்லாத்தையும் வரிசையா வைக்கப் போறோம். இது ஒண்ணுதான் பாக்கி."

"பொம்மைக்கு கிளப்பா?" என்றாள் வத்சலா.

"லேசா சொல்லாதீங்கோ மாமி. கம்பெனிக்குள்ளேயே பெரியவா சிலபேர் ஒத்துக்கலையாம். கொழந்தைகள் விளையாடற கட்டையில யுத்தம் எதுக்குன்னாளாம்."

"புத்தியுள்ளவா. யாரும் கேட்டிருக்க மாட்டா."

"டப்பா, கட்டற முறை போட்ட புஸ்தகம் எல்லாம் கண்ணாடி அலமாரியில பத்திரமா வெச்சிருக்கேன் மன்னி. கட்டைகள் முழுசா இருந்தாப் போதும்."

"டப்பாவைக்கூடப் பத்திரமா வெச்சிருக்கே. அச்சா" என்றாள் மீனாக்ஷி.

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் அதற்குள் பார்த்துவிட்டான். கடைசிப் படியில், செட்டியார் தம்பதிக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில் விமானம் நின்றது. இறக்கை ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். விமானி உட்காரும் பள்ளத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ராமர், பின்னால் சீதை. எதிரே அட்டையில் 'புஷ்பக விமானம்' என்று எழுதியிருந்தது. ஹெல்மெட் போட்ட விமானி கீழே கொலுப் பூங்காவில், ரோட்டு முனையில் டிராஃபிக் போலீஸாக நின்றுகொண்டிருந்தான்.

ஷ்ரவண் குனிந்து அதை எடுத்தான்.

"படியில வெச்சதை எடுக்கப்படாது. விஜயதசமிக்கு அப்புறம்தான்" என்றாள் வத்சலா.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராமரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இறக்கையைப் பிரிக்கப் பார்த்தான். அசையவில்லை. வெளிச்சத்தில் பிடித்தான். ஒவ்வொரு இணைப்பிலும் மஞ்சள் பூத்த பசை.

"ஒட்டிட்டேளா?"

"பின்னே? முதல் வருஷம் ஃபேன் காத்துல ஒரு இறக்கை விழுந்தது. கொலுவுல மூளியா வைக்க முடியுமா? ஃபெவிக்விக் போட்டேன். அப்புறம் ஆடலை."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலை."

"இது பிரிச்சுப் பிரிச்சுக் கட்டறது மன்னி. ஒட்டினா இது குப்பை." அவன் குரல் ஏறியது. "ஒருத்தன் நம்பி ஒரு பொருளை வெச்சுட்டுப் போனா, அதைப் பாத்துக்கத் தெரியாதா உங்களுக்கு?"

ராஜாராமன் பேப்பரை இறக்கினார். மீனாக்ஷி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள்.

"சரி. நான் நம்பிக் குடுத்தது எங்கே?"

"அது அங்க இருக்கு."

"அங்கன்னா?"

"பேஸ்மென்ட்ல வெச்சிருந்தோம்."

"கொலு வெச்சாளா ரோஹிணி?"

"அவளுக்கு எங்க டைம் மன்னி? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்."

"அப்போ பிரிக்கவே இல்லை. டப்பா அலமாரியில. தசாவதாரம் பேஸ்மென்ட்ல."

ஷ்ரவண் விமானத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "போன வருஷம் ஸ்பிரிங்ல, ஏப்ரல் வாக்குல, பேஸ்மென்ட்ல தண்ணி வந்துடுத்து. ஊர்ல இல்லை நாங்க. வந்து பாக்கறச்சே எல்லாம் ஊறிப் போயிருந்தது. மண் பொம்மைதானே, மன்னி. ஒண்ணும் பண்ண முடியலை."

வத்சலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம்" என்றாள் மீனாக்ஷி. "போன நவராத்திரிக்கு ஃபோன் பண்ணினப்போ, அடுத்த தடவை கொண்டுவரேன்னு சொன்னியே. அது தண்ணி வந்ததுக்கு அப்புறம்தானே?"

அவன் விமானத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தான்.

"அந்த மண்ணையாவது வெச்சிருக்கியா?"

"ரோஹிணி கார்பேஜ்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"உங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பொம்மை. எங்க அம்மாவுது இல்லை" என்றாள் கணவரைப் பார்த்து. "உங்களுக்குத் தெரியுமா இது?"

ராஜாராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் ஃபோன்ல சொன்னான். நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"காலிப் படிக்கு நான் வேட்டி விரிக்கறதை ரெண்டாவது வருஷமாப் பாத்துண்டிருக்கேள்."

"மீனா, அதை அவனுக்குக் குடுத்து அனுப்பு. அப்புறம் பேசிக்கலாம்."

"எனக்கு இது வேண்டாம்" என்றான் ஷ்ரவண். "இதை வெச்சுண்டு என்ன பண்றது? கிளப்ல அவா சிரிப்பா."

"வேண்டாம்னா குடு."

அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் அவன் விரல் பட்ட இடங்களைத் துடைத்தாள். பிறகு ஒரு காலை ஸ்டூலில் வைத்து ஏறி, மேலிருந்து மூன்றாவது படியின் நடுவில், இரண்டு விளக்குக்கும் நடுவே அதை வைத்தாள். நவராத்திரி நடுவில் பொம்மையை இடம் மாற்றுவதைப் பார்த்து வத்சலா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

பெரிய படியில் அது சின்னதாகத் தெரிந்தது. மீனாக்ஷி தீப்பெட்டியை எடுத்து இரண்டு விளக்கையும் ஏற்றினாள்.

"மாமி, பாட்டு ஒண்ணு பாடுங்கோ. எல்லாப் படியும் நிறைஞ்சிடுத்து."

வத்சலா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ஷ்ரவண் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். ராஜாராமன், "சுண்டலாவது..." என்று எழுந்தார்.

"தீர்ந்து போச்சு" என்றாள் மீனாக்ஷி, பாதிச் சுண்டல் இருந்த, மூடாத பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு.